குடும்பத் தலைவர் பெயர்

அங்க வேணாம் வாத்தியாரே, அந்தப் பக்கம் உக்காராதீங்க. தறிப்பலகை ஒடைஞ்சிருக்குதுன்னு இல்ல. நல்ல பலகைதான், எங்கப்பா போட்டது. இப்படி வலதுகைப் பக்கமா வந்து பாய்ல உக்காருங்க. நாற்காலி கெடையாது இந்த வூட்டுல. தறி வெச்சிருக்கிற வூட்டுல நாற்காலிக்கு ஏது எடம், சொல்லுங்க. மொதல்ல தண்ணி குடிங்க. இந்த வெயில்ல தெருக்கோடியிலேர்ந்து ஒவ்வொரு படியா ஏறி எறங்கி வந்துக்கினு இருக்கீங்க, நானும் ஜன்னல் வழியா பாத்துக்கினுதான் இருந்தேன்.

பேரு என்னான்னு சொன்னீங்க? தாவீதா. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரா. நல்லது. லீவு நாள்ல வூட்டுல படுத்துத் தூங்க விடாம உங்களை இந்த ஜனத்தொகைக் கணக்கெடுக்க அனுப்பிட்டானுங்களா. போன வாரம் ஒருத்தரு வந்து வாசல் நெலை மேல காவியில நம்பர் எழுதிட்டுப் போனாரு. அன்னையிலேர்ந்து நான் எங்கியும் நகரல. கடைக்குப் போறதுன்னாகூட பக்கத்து வூட்டுல சொல்லிட்டுத்தான் போறது. வாத்தியாரு வந்தா நிறுத்தி வைம்மா, ஓடி வந்துடறேன்னு.

கேளுங்க, என்னா கேக்கணுமோ கேளுங்க.

குடும்பத் தலைவர் பேரா? எடுத்த எடுப்புல அதுவா? அத கடைசியில வெச்சிக்கலாம். எடம் விட்டு வெச்சிட்டு அடுத்ததுக்கு வாங்க. என் பேரு வேணும்னா சொல்றேன், திருஞானசம்பந்தம். தெருவுல சம்பந்தம்பாங்க. ஆனா அந்தக் கட்டத்துல எழுதிடாதீங்க. பென்சில்தானே அது? பேனாவா? அப்ப இன்னும் உஷாரா இருங்க.

வீடு சொந்தமா வாடகையாவா? நல்லா கேட்டீங்க போங்க. இந்தத் தெருவுல இதுக்கு நேரா பதில் சொன்னவன் எவனாச்சும் இருந்தானா? பக்கத்து வூட்டுத் துரைக்கண்ணு என்னா சொன்னான்? சொந்தம்னானா? எழுதிக்கினீங்களா? அய்யே. அந்த வீடு அவனுக்குப் பட்டு குடுக்கற முதலாளியுது சார். அவருக்குத் தறி ஓட்டற வரைக்கும் இருந்துக்கலாம், வாடகை கெடையாது. தறி நின்னா மறுநாள் சட்டி பானையத் தூக்கிக்கினு வெளிய வரணும். முப்பது வருஷமா தறி நிக்கல. அதனால தனக்கே சொந்தம்னு நெனைச்சிக்கினான். இவனாச்சும் பரவாயில்ல, தறி ஓட்டறான். எதிர்வூட்டு தனசேகரன் இருக்கறானே, அவனுக்கு வீடு நெஜமாவே சொந்தம்தான். ஆனா தொழில் நெசவுன்னு சொல்லியிருப்பான். சொன்னானா இல்லையா? எனக்குத் தெரியும். ரெண்டு பசங்களும் அம்பத்தூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டானுங்க. இவன் தறிக்குழிய மண்ணைப் போட்டு மூடி, மேல சிமெண்டு பூசி, கோர்ட்டு குமாஸ்தா ஒருத்தருக்குப் பாதி வூட்ட வாடகைக்கு விட்டுட்டான். இதுல நெசவாளியாம். மிதிக்கறதுக்குக் காலை எங்க விடுவான், சிமெண்டுக்குள்ளயா?

கோள் சொல்றேன்னு நெனைக்காதீங்க. கணக்கு சரியா இருக்கணும் இல்ல, அதுக்குத்தான்.

என் வீடா? இதுவும் சிக்கல்தான். அடிமனை கோயிலுது. மேல நிக்கற செவுரு, ஓடு, தறி எல்லாம் எங்கப்பா போட்டது. வருஷத்துக்கு ஒரு தபா கோயில் ஆளு வந்து மனைக்கு வாடகை வாங்கிக்கினு போவாரு. அப்ப மண்ணு சாமியுது, செவுரு எங்களுது. எந்தக் கட்டத்துல போடுவீங்க? சொந்தம்னே போட்டுக்கலாமா? சரி, போடுங்க. யாருக்குச் சொந்தம்னு தனியா எடம் இருக்குதா அதுல? இல்லையா? பாத்தீங்களா, அப்ப அந்த மொதல் கட்டம்தான் எல்லாம். நான் சொன்னேன் இல்ல.

அறையா? இந்தக் கூடம் ஒண்ணு, உள்ளார ஒண்ணு, அடுப்படி. எத்தினி பேருன்னா... சாப்புடறது நான் ஒருத்தன். இருங்க, அதையும் எழுதாதீங்க. இல்ல சார், விளையாடல. எனக்குக் கல்யாணம் ஆவல, புள்ளை குட்டி இல்ல. ஆனாலும் ஒருத்தன்னு எழுதிடாதீங்க, சொல்றேன்.

தொழில் நெசவு. தறிய பாத்தீங்க இல்ல.

வெறுந்தறியா இருக்குதேன்னு கேக்கறீங்க. வாத்தியாரு கண்ணு வாத்தியாரு கண்ணுதான். ஆமா, பாவு நூல் ஏறி ரொம்ப வருஷம் ஆச்சு. நெசவுன்னு சொன்னது பழக்கதோஷம். இப்ப நான் செய்யறது துரைக்கண்ணு தறிக்கு நூல் சுத்திக் குடுக்கறது. அதோ ராட்டினம். பொம்பளைங்களும் சின்னப் பசங்களும் சுத்துவாங்க. அம்பத்தஞ்சு வயசு ஆம்பளை நான் சுத்தறேன். அவன் வூட்டுலயே அவன் பொண்ணு ஒருத்தி இருக்கறா, ஆனாலும் எனக்குக் குடுக்கறான். எரக்கம்னு நெனைக்காதீங்க. நான் சுத்தறத அவன் பாக்கணும், அதுக்கு.

ஏன் நெய்யலியா? சொல்றேன். எங்க ஊரு பொடவைக்கு ஒடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு. அத ஒத்தை ஆளா நெய்ய முடியாது. பெரியாளு ஒருத்தரு நடுவுல உக்காந்து ஒடம்பு நெய்வாரு. வலதுகைப் பக்கம் இன்னொருத்தன் உக்காந்து கரைக்கு நாடா வீசணும், குறுக்கு நூல் வெச்ச கட்டைதான் நாடா. கரை கோத்து வாங்கறதுன்னு சொல்லுவோம் இத. அவரு மிதிச்சி ஒரு நாடா விட்டா இவன் ஒரு நாடா விடணும். கண்ணு எடுக்கக்கூடாது, பேச்சு வெச்சிக்கக்கூடாது. ஒரு எழை தப்பினா கரை ஒருபக்கம் ஒடம்பு ஒருபக்கம் வந்துடும். நீங்க உக்காரப் போனீங்களே, அது பெரியாளு எடம். எங்கண்ணன் எடம். உமாபதின்னு பேரு. நீங்க இப்ப பாய்ல உக்காந்திருக்கிற எடத்துக்கு நேரா, இந்த வலதுபக்கம், என் எடம்.

கரைக்கு நாடா வீசறது யாரு வேலை தெரியுமா? எட்டு வயசு, பத்து வயசுப் புள்ளைங்க வேலை. இல்லன்னா பொஞ்சாதி செய்வா. அப்பறம் கை பழகினதும் தனித்தறி போட்டுக் குடுத்துடுவாங்க. நான் எத்தினி வயசு வரைக்கும் வீசினேன்? நாப்பத்தஞ்சு. எங்கப்பா சாவறப்ப அண்ணனாண்ட, சின்னவனுக்கு ஒரு தறி போட்டுக் குடுடான்னாரு. போடறேன் போடறேன்னாரு இவரு. அடுத்த ஆடிக்கின்னாரு, தைக்கின்னாரு. நான் போயிட்டா இவருக்குக் கரை வீச ஆள் வேணுமே. என்னை மாதிரி எழை தப்பாம வீச எவன் வருவான்? நல்லா வேலை செஞ்சதே எனக்கு எமனாப் போச்சு. பொண்ணு பாக்க ரெண்டு எடம் வந்தாங்க. மாப்பிள்ளைக்குத் தறி எதுன்னு கேட்டாங்க. அண்ணன் இந்தத் தறிய கை காட்டினாரு. இது உங்க தறியாச்சேன்னுட்டு காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க.

இதுக்கும் உங்க கணக்குக்கும் சம்மந்தம் இருக்குது, கேளுங்க. இருபது வருஷத்துக்கு முந்தி, வெள்ளைக்காரன் போனப்பறம் எடுத்தாங்களே மொதல் கணக்கு, அப்பவும் ஒரு வாத்தியாரு வந்தாரு. தறி ஓடிக்கினு இருக்குது. அண்ணன் நாடாவ நிறுத்தாமயே பதில் சொல்றாரு. குடும்பத் தலைவர் உமாபதி. தொழில் நெசவு. தம்பி திருஞானசம்பந்தம். தம்பிக்கு என்னா தொழில்னு வாத்தியாரு கேக்கறாரு. நெசவுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்? எனக்கு உதவின்னாரு அண்ணன். அவரும் எழுதிக்கினாரு. உதவி. துரைக்கண்ணு அப்ப வாசல்ல நின்னுக்கினு இருந்தான். அன்னையிலேர்ந்து எனக்கு அதான் பேரு. என்னா உதவி, கெளம்பிட்டியா? என்னா உதவி, சாப்ட்டியா? பத்து வருஷம் சார். தெருவுல போற நாய்க்குக்கூட நல்ல பேரா வெப்பானுங்க.

எங்கண்ணனுக்கு அது தப்பாவே தெரியல. அது வேற கதை. அவரு நல்லவருன்னு நூறு பேரு சொல்லுவாங்க, எனக்கும் தெரியும். சண்டை போட மாட்டாரு, குடி கெடையாது, ஒரு வாழைப்பழம் வாங்கினாலும் பாதி எனக்கு. பாதிப் பழம் குடுப்பாரு, பாதித் தறி குடுக்க மாட்டாரு. கெட்டவனா இருந்தா ரெண்டு அறை விட்டுட்டுப் போயிருப்பேன். நல்லவனை என்னா பண்றது?

என்னா திரும்பிப் பாக்கறீங்க? சத்தம் கேட்டுதா?

ஒண்ணுமில்லையா. சரி. இல்ல, சில நாளு இந்த நேரத்துக்கு, உச்சி சாய்ஞ்சி தெருவே அடங்கிக் கெடக்கும் இல்ல, அப்ப தறிக்குழிக்குள்ள மிதிப்பலகை அழுந்தற மாதிரி கேக்கும். துரைக்கண்ணு எலின்றான். எலி தாளம் தப்பாம மிதிக்குமா வாத்தியாரே? ஒரு மிதி, கொஞ்சம் நிறுத்தும். மறுமிதி, கொஞ்சம் நிறுத்தும். எதுக்கு நிறுத்துது? நான் கரை வீசணும், அதுக்கு எடம் விடுது. நூல் சுத்திக்கினு இருக்கறப்பவே என் கை தானா எழும்பிடும். பாருங்க, இப்படி. ரெண்டு ஆளுங்கள கூட்டியாந்து தறியில உக்கார வெச்சிப் பாத்தேன். நான் பெரியாளு எடத்துல உக்காந்தேன், அவனுங்க வலதுபக்கம். ஒருத்தன் நாலு நாள்ல ஓடினான், ஒருத்தன் ஒரே நாள்ல. நான் கரைய நானே வீசறேனாம். அவனுங்க நாடாவ எடுக்கறதுக்கு முந்தி என் கை போயிடுதாம். அப்பால நான் இந்த வலதுபக்கத்துல, என் பழைய எடத்துலயே உக்காந்துட்டேன். அங்கதான் ஒடம்புக்கு நிம்மதியா இருக்குது. அந்த எடத்துல யாரும் இல்ல, இந்த எடத்துல நான். எப்படிப் பொடவை வரும்?

அதனாலதான் அங்க உக்கார வேணாம்னேன். கோவிச்சிக்காதீங்க.

சரி, கணக்குக்கு வரேன். நீங்க எழுதிக்கினு போறது பத்து வருஷத்துக்கு நிக்கும் இல்ல? மொதல் கட்டத்துல யாரு பேரு ஏறுதோ, அடுத்த கணக்கு வரைக்கும் வீடு அவங்களுக்கு. அதனாலதான் எடம் விட்டு வெக்கச் சொன்னேன். இந்தத் தபா சரியான பேரு ஏறணும். எங்கண்ணி தாமல் கிராமத்துல இருக்கறாங்க, இந்திராணின்னு பேரு. ஒரு பொண்ணு கூட. கவர்மெண்டு காயிதத்துல மாத்தி எழுதியாச்சு, வீடு உங்களுது, வாங்கன்னு போய்ச் சொல்லணும். ராஜ்ஜியத்துக்கே தமிழ்நாடுன்னு பேரு மாத்திட்டாங்க, ஒரு வூட்டுக்கு மாத்தறதா பெரிசு?

என்னா சொல்றீங்க?

இல்ல, திருப்பிச் சொல்லுங்க. நெதானமா சொல்லுங்க, நான் ரெண்டாங்கிளாஸ்தான்.

வெறும் எண்ணிக்கைக்குத்தானா. எத்தினி வீடு, எத்தினி பேரு, என்னா வேலைன்னு மொத்தமா கூட்டறதுக்கு. சரி. இத வெச்சி யாருக்கும் வீடு வராது. யாருக்கும் போவாது. கோர்ட்டுல காட்ட முடியாது. வெளியாளு ஒருத்தருக்கும் காட்டவே மாட்டாங்க. பட்டாவுக்கும் இதுக்கும் சம்மந்தமே கெடையாது.

இது இந்தத் தபா போட்ட சட்டமா? எப்பவுமே அப்படித்தானா? பத்து வருஷத்துக்கு முந்தி எழுதினதும்?

அதுவும் செல்லாதா?

வாத்தியாரே, கொஞ்சம் இருங்க. எழுந்திருக்காதீங்க. நானும் ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கறேன்.

ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கறேன். அப்ப அது வெறும் காயிதம். சரி.

போன தபா கணக்கெடுக்க வந்தப்ப நான்தான் வாசல்ல இருந்தேன். வெள்ளிக்கிழமை. அண்ணியும் பொண்ணும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாங்க. தறி அன்னைக்கி ஓடல. வந்தவரு வயசானவரு, மூக்குக்கண்ணாடி, உங்களை மாதிரிதான் கையில பலகை வெச்சி எழுதிக்கினு இருந்தாரு. குடும்பத் தலைவர் பேருன்னு கேட்டாரு. வாய் தொறந்தேன், என் பேரு வந்துது. நெனைச்சி வெச்சிருந்து சொன்னேனா, தானா வந்துதான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. பத்து வருஷமா உதவி உதவின்னு கேட்ட காது. தொழில்னாரு, நெசவுன்னேன். எழுதினாரு. எனக்கு வேற எழுத்து படிக்க வராது, என் பேரு மட்டும் படிப்பேன். தலைகீழாப் பாத்தாலும் தெரிஞ்சிது. மொதல் கட்டத்துல நான். அடேயப்பா, அன்னைக்கி சாயந்திரம் தெருவுல நடந்தேன் பாருங்க, துரைக்கண்ணு என்னா உதவின்னான், சிரிச்சிக்கினே போனேன்.

ஒரு மாசம் வாயத் தொறக்கல நான். அப்பால ஒருநாள் தறி பேச்சு வந்துது. எனக்கு எப்ப தறி போடுவேன்னேன். இந்தத் தறி முடியட்டும்னாரு. கோவம் வந்துடுச்சு. இது யாரு தறின்னு நெனைச்சிக்கினு பேசறே, யாரு வூட்டுல உக்காந்து பேசறே, கவர்மெண்டுல எழுதியாச்சு, வூட்டுக்குத் தலைவன் நான், உம்பேரே அதுல கெடையாதுன்னேன். அவருக்கும் படிப்பு கெடையாது. ரெண்டு பேருமே ஒரே பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடியாந்தவங்க. நம்பிட்டாரு. நானும் நம்பித்தான் சொன்னேன் சார், சத்தியமா, ஏமாத்தணும்னு இல்ல. கவர்மெண்டு ஆளு, வாசப்படி ஏறி வந்து, கேட்டுக் கேட்டு எழுதறாரு. அது செல்லாதுன்னு எவன் நெனைப்பான்?

அப்பால, அப்ப என்னைப் பத்தி கணக்கெடுக்க வந்தவராண்ட என்னா சொன்னேடான்னு கேட்டாரு.

சொன்னேன்.

தறியில பொடவை முக்கால்வாசி ஆகியிருந்துது. எங்காளுங்க தறியில பாவு இருக்கறப்ப எழுந்து போவ மாட்டாங்க. செத்த வீடா இருந்தாலும் தீட்டு கழிஞ்சி வந்து முடிச்சி அறுத்துட்டுத்தான் மறுவேலை. மறுநாள் விடிஞ்சதும் அவரு எடத்துல போய் உக்காந்தாரு. கூப்புடல. நான் வந்து என் எடத்துல உக்காந்தேன். வேற என்னா பண்றது, ஒத்தை ஆளால முடியாதே. மூணு நாளு. அவரு ஒரு நாடா, நான் ஒரு நாடா. தோள் உரசும் சார், பலகை அவ்ளோதான் அகலம். அவரு வேர்வை என் மேல படும். அண்ணி ரெண்டு பேருக்கும் சோத்த வெப்பாங்க, ஒண்ணாதான் சாப்புடுவோம். பேச்சு கெடையாது. அந்த மாதிரிக் கரை என் ஆயுசுல வீசினதில்ல. ஒரு எழை, ஒரு எழை தப்பல. மூணாம் நாளு பொடவைய அறுத்து மடிச்சி முதலாளி வூட்டுல குடுத்துட்டு வந்தாரு. வந்து, அண்ணிகிட்ட பொட்டிய எடுன்னாரு.

தெருவே வந்து நின்னுது. ஏன் போறே எங்க போறேன்னாங்க. யாரையும் ஒண்ணும் சொல்லல அவரு. நான் நெலையப் புடிச்சிக்கினு நின்னேன். தடுத்தேனான்னு கேக்காதீங்க. படி எறங்கிட்டுத் திரும்பி என்னைப் பாத்தாரு. கோவமா பாத்திருந்தா மறந்துட்டிருப்பேன். பத்து வருஷம் கழிச்சி மறுபடியும் கணக்கெடுக்க வருவாங்க இல்லடா சம்பந்தம், அப்ப நானே வந்து என் வாயால சொல்லிக்கறேன்னாரு. கடையில பாக்கி சாமான் நாளைக்கி வாங்கிக்கறேன்ற மாதிரி சொன்னாரு. போயிட்டாரு.

தாமல்ல அண்ணியோட மாமன் வூட்டுத் தாழ்வாரத்துல இருந்தாங்க. அங்க தறி ஏது? ஏரிக்கரை வேலைக்குப் போனாரு. முப்பத்தஞ்சு வருஷம் குழிக்குள்ள கால விட்டு நெழல்ல உக்காந்திருந்த மனுஷன். எங்க பாதத்தப் பாருங்க, கொழந்தை பாதம் மாதிரி இருக்கும். அந்தக் கால வெச்சிக்கினு கட்டாந்தரையில மண்ணு சொமந்தாரு. ரெண்டாம் வருஷம் சித்திரையில, கூடைய எறக்கி வெச்சிட்டு ஏரிக்கரை மேலயே உக்காந்தாராம். அர்ஜுனன்னு ஒரு மேஸ்திரி, என்னா பெரியவரே, வேலைக்கு வந்தியா, ஏரிய வேடிக்கை பாக்க வந்தியான்னு கேட்டிருக்காரு. கிட்டப் போய்த் தொட்டுப் பாத்திருக்காரு.

எனக்குச் சாவு சேதி மூணாம் நாளுதான் தெரியும். பஸ்ஸு புடிச்சி ஓடினேன். அண்ணி உக்காந்துக்கினு இருந்தாங்க. பொண்ணு என்னைப் பாத்துட்டு உள்ள எழுந்து போயிடுச்சு. வூட்டுக்கு வாங்க அண்ணின்னேன். எந்த வூட்டுக்குன்னாங்க. அவ்ளோதான். அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்.

பத்திர ஆபீஸா? சரி, போறேன். நீங்க சொல்ற மாதிரியே அண்ணி பேருக்கோ பொண்ணு பேருக்கோ எழுதிடறேன். கை நாட்டு கேட்டாலும் வெக்கறேன், கையெழுத்து கேட்டாலும் போடறேன். நாளைக்கே போறேன், நீங்க ஒரு ஆளு சொல்லிவுடுங்க. ஆனா அது வேற, இது வேற வாத்தியாரே. எங்கண்ணன் பத்திர ஆபீஸுக்கு வரேன்னு சொல்லல. கணக்கெடுக்கறப்ப இங்க வரேன்னாரு. வாயால சொன்னாரு. நம்பர் எழுதின நாள்லேர்ந்து ராத்திரி பகல்னு இல்லாம மிதிப்பலகை அழுந்திக்கினே இருக்குது. நான் காத்துக்கினு இருந்தது உங்களுக்காக மட்டும்னு நெனைச்சீங்களா?

அதனால இப்ப எழுதுங்க. மொதல் கட்டம். உமாபதி. குடும்பத் தலைவர். வயசு அறுவது. ஆளு ரெண்டு பேரு, அவரு ஒண்ணு, நான் ஒண்ணு.

தெரியும் சார், உசுரோட இருக்கறவங்களத்தான் எழுதணும். சட்டம் அதுதான். தப்பா சொன்னா எனக்கும் தண்டனை, எழுதினா உங்களுக்கும். தெரியும். செல்லாத காயிதம்னு நீங்களே சொன்னீங்க, அதுல ஒரு பேரு ஏறினா யாரு குடி முழுகிடும்? கூட்டற கணக்குல ஒரு தலை கூடும், அவ்ளோதானே.

என்னா கேக்கறீங்க? போன தபா வந்தவரு அண்ணனைப் பத்தி ஒண்ணுமே கேக்கலியான்னா? வூட்டுல இருக்கற ஆம்பளைய எப்படி விட்டாருன்னா?

கேட்டாரு. கேக்காம இல்ல, அவரும் பொறுப்பான மனுஷர்தான். என் பேரை எழுதிட்டு, உனக்கு மூத்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னாரு. அண்ணன் ஒருத்தரு இருந்தாரு, போன ஐப்பசியில காலமாயிட்டாரு, அண்ணியும் பொண்ணும் தாய்வூட்டோட போயிட்டாங்கன்னேன். அடப்பாவமேன்னு உச்சு கொட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. கொல்லையில அண்ணன் கெணத்துல தண்ணி எறைச்சி ஊத்திக்கினு இருந்தாரு சார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சிக் குளிச்சிக்கினு, தேவாரம் சொல்லிக்கினு. இங்க வரைக்கும் கேட்டுது. வாத்தியாருகூட பேனாவ நிறுத்திட்டு, யாருப்பா அது, நல்ல கொரலுன்னாரு.

குளிச்சிக்கினு, பாடிக்கினு இருந்தவரை செத்துட்டாருன்னு சொன்னேன், மறுபேச்சு இல்லாம எழுதிக்கினீங்க. இப்ப செத்தவரை இருக்கறாருன்னு சொல்றேன், இதுக்கு மட்டும் ஏன் வாத்தியாரே உங்களுக்குக் கை வரமாட்டேங்குது?